குடைக்கு வெளியே

பழைய இன்டர்நெட் லைனின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று சொல்லிக்கொண்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளை ஹாலில் உட்காரச் சொல்வதற்கு முன்னால் சுகன்யா உள் அறைக் கதவைச் சாத்தினாள்.

வந்தவள் பெயர் அனிஷா. சின்ன வயது, இனிமையான பேச்சு. வடவள்ளி முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டைத் தவிர அந்தக் குடியிருப்பில் எல்லோரும் புது லைனுக்கு மாறிவிட்டார்கள், மேல்தளத்து மூலையில் இந்த ஒரு வீடுதான் பாக்கி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இவ்வளவு பழைய ஒப்பந்தம் வெச்சிருக்கறவங்க கோயமுத்தூர்லயே கொஞ்சம் பேர்தானுங்க மேடம். குடை வர்றதுக்கு முன்னாடி போட்டது. குடைன்னா என்னன்னு தெரியுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள வைஃபை அலை எந்நேரமும் ஓடிட்டேதான் இருக்கு. நாம நடந்தா அந்த அலை கொஞ்சம் கலங்கும். ஒவ்வொருத்தர் நடைக்கும் ஒவ்வொரு மாதிரி கலங்கும். அந்தக் கலக்கத்தைப் படிச்சா நடக்கறது யாருன்னு சொல்லிடலாம். அதான் குடை. கேமரா எதுவும் கெடையாதுங்க. யாரும் யாரையும் பாக்கறதில்லை."

"பாக்காமயே தெரிஞ்சுடும்."

"ஆமாங்க" என்றாள் அனிஷா சந்தோஷமாக. "ஒரு வீட்டுக் குடை அந்த வீட்டை மட்டும்தான் படிக்கும், சட்டமே அப்படித்தான். ஆனா குடும்பத்துல ஒருத்தரோட நடை ஒரு தடவை பதிவாயிட்டாப் போதும். அவங்க குடை இருக்கற எந்த இடத்துல காலடி வெச்சாலும் குடும்பத் தலைவர் போன்ல வந்துடும். கடை, காலேஜ், சொந்தக்காரங்க வீடு, எங்க வேணா. என் பையன் டியூசனுக்குப் போகாம கிரவுண்டுக்குப் போனா எனக்கு ஆபீஸ்ல உக்காந்துட்டே தெரியும்."

"சின்னப் பசங்க சரி. வயசு வந்தவங்க?"

"அவங்களும் குடும்பம்தானுங்களே."

"அவங்க வேண்டாம்னு சொன்னா?"

"யாருங்க, தலைவரா?"

"இல்லை. நடக்கறவங்க."

அனிஷா புரியாமல் பார்த்தாள். "நடக்கறவங்க எதுக்குங்க வேண்டாம்னு சொல்லப் போறாங்க?"

அனிஷா ஹாலின் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு சாய்வு நாற்காலியும் அதன் பக்கத்தில் டயாலிசிஸ் மெஷினும் இருந்தன. சுகன்யாவின் கணவர் லோகநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வெகு நாளாகிறது. மெஷின் வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடி லைன் வழியாக ஒரு நர்ஸ் அதைக் கவனித்துக்கொண்டிருப்பாள்.

"சாருக்காகவாவது நீங்க மாறித்தான் ஆகணும் மேடம். அடுத்த மாசத்துல இருந்து குடை இருக்கற வீட்டுல மட்டும்தான் மெஷினை வெப்போம்னு ஆஸ்பத்திரிக்காரங்களே சொல்லிட்டாங்க. நடுவுல அவர் மயங்கி விழுந்தா உடனே தெரியணும்ல?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சுகன்யாவைப் பயமுறுத்தியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, உள் அறைக் கதவைத் திறந்தாள்.

யாழிசை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய லைனுக்கு நடையைப் படிக்கத் தெரியாது என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் காலை அசைக்க மாட்டாள்.

யாழிசை லோகநாதனின் அண்ணன் மகள். அண்ணன் சென்னியப்பனுக்குக் காங்கேயம் பக்கம் எண்ணெய் மில். படிக்கும்போது பழகிய அன்புராஜை யாழிசை வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பாதுகாப்புக் கேட்டு இருவரும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்த ஸ்டேஷனிலும் குடை இருந்தது. அவள் நுழைந்ததுமே அப்பாவின் போனில் வந்துவிட்டது. அங்கிருந்தவர் பேனாவை எடுப்பதற்குள் வாசலில் அவளுடைய அண்ணன் திவாகரின் வண்டி வந்து நின்றது. கூட நாலைந்து பேர். பின்பக்கமாக ஓடியதில் யாழிசை தப்பித்தாள். அன்புராஜுக்குக் கால் முறிந்தது. அவன் ஜாதி அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

இப்போது அவன் விசாகப்பட்டினத்தில் தன் அக்கா வீட்டில் கிடக்கிறான். அவன் நடை யாருடைய குடும்பக் கணக்கிலும் இல்லை. தனியாக இருக்கும்வரை அவனைக் கண்டுபிடிக்க முடியாது. யாழிசை கூடப் போய்ச் சேர்ந்தால் அவனும் தெரிந்துவிடுவான். அதனால் அவள் சித்தப்பா வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தது. அவள் வந்தபோது குடியிருப்பின் லிப்டிலும் மாடிப்படியிலும் கீழ்த்தளத்திலும் குடை கிடையாது. சங்கத்துக்காரர்கள் பிறகு போட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. சுகன்யாவின் டாக்டர் தோழி ஒருத்தி விருந்தாளிபோல வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

சாயங்காலம் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே லோகநாதன் எல்லாவற்றையும் கேட்டார்.

"வேற கம்பெனிக்கு மாறிட்டா?"

"விசாரிச்சுட்டேங்க. எல்லாரும் அதே குடைக்குத்தான் கம்பி புடிக்கறாங்க. பேர்தான் வேற வேற."

"லைனே வேண்டாம்னு சொல்லிட்டா?"

"மெஷின் நின்னுடும். என் வேலையும் போயிடும்." சுகன்யா வீட்டிலிருந்தபடியே பள்ளிப் பாடப்புத்தகங்களைத் திருத்தித் தரும் வேலை பார்த்தாள். "அதோட, லைன் இல்லாத வீட்டுல ஆள் இருந்தா சங்கத்துல இருந்து வந்து ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. கதவைத் தொறந்துதான ஆகணும்."

"பழைய ஒப்பந்தத்தையே இன்னொரு தடவை போட முடியாதா?"

"முடியுமாம். ஒரே ஒரு தடவை புதுப்பிச்சுக் குடுக்கணும்னு அரசாங்க உத்தரவு இருக்காம். அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் ஆபீசுக்குப் போய்க் கேக்கணும். ஆனா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

லோகநாதன் மெஷினைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மருதமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துடலாம்" என்றார்.

"உங்க ஒடம்பு தாங்காதுங்க. முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பண்ணினப்ப ஒவ்வொரு தடவையும் எப்படித் திரும்பி வந்தீங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

"தாங்கற வரைக்கும் பாக்கலாம். பாப்பாவுக்குப் பிரசவம் ஆயி, ரெண்டும் பத்திரமா வெளியூர் போய்ச் சேரட்டும். அப்புறம் எந்தக் குடையை வேணா மாட்டிக்கலாம்."

யாழிசை கதவோரம் வந்து நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"நான் போயிடறேன் சித்தப்பா. என்னால நீங்க..."

"எங்க போவ கண்ணு?" என்றார் லோகநாதன். "நடந்துதான போகணும்?"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சுகன்யாவுக்கு அவரிடம் சண்டை போட வேண்டும் போலிருந்தது. இந்தப் பெண்ணும் முக்கியம்தான், ஆனால் நீங்கள் செத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. யாழிசை எதிரில் இருந்ததால் கேட்கவில்லை. பிறகு தனியாக இருந்தபோதும் கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயமும், மாறிவிட மாட்டாரா என்ற ஆசையும் ஒரே நேரத்தில் இருந்தன. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவள் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, "வாங்க, உக்காருங்க" என்று திரையில் எழுத்து வந்தது. மேனேஜர் மரியாதையாகப் பேசினார்.

"பழைய லைன்தான் வேணும்னு சொல்றீங்க. குடுத்துடறோம். காரணம் மட்டும் சொல்லணுங்க."

"புடிக்கலை."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லைங்களே." திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வேகம் போதும், வீட்டை விற்கிறோம், ஊரைவிட்டுப் போகிறோம் என்று சில இருந்தன. "வீட்டுல மெஷின் வெச்சிருக்கறவங்க யாரும் இதுவரைக்கும் பழைய லைனைக் கேட்டதில்லை மேடம். அதான் கேக்கறேன். நாங்களும் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்."

"வீட்டை விக்கிறோம்னு போட்டுக்கங்க."

அவர் போட்டுக்கொண்டார். அவள் எழுந்தபோது, "சாருக்கு ஒடம்பு எப்படி இருக்குதுங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். லோகநாதனைப் பற்றி அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரமே மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு லோகநாதன் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். போகும்போது தானாக நடப்பார். வரும்போது சுகன்யாவின் தோளைப் பிடித்துக்கொள்வார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார். ஒருநாள் லிப்டுக்குள் நிற்க முடியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்தபோது சங்கத்துச் செயலாளர் ஜெயபால் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தார். லோகநாதன் விழுந்ததும் ஜெயபாலின் போனில் மணி அடித்திருக்கிறது.

லோகநாதனை வீடுவரை தாங்கிப் பிடித்து வந்தவர் அவர்தான். வாசலில் சுகன்யா வழிமறித்த மாதிரி நின்றுகொண்டதால் உள்ளே வரவில்லை.

"லிப்டா இருந்ததனால தெரிஞ்சுது" என்றார். "இதே வீட்டுக்குள்ள விழுந்திருந்தா? எங்க குடைப் படத்துல ஆள் இருக்கற எல்லா வீடும் வெளிச்சமா இருக்குதும்மா. உங்க வீடு மட்டும் ஓட்டைப் பல்லு மாதிரி கறுப்பா இருக்குது. போன கூட்டத்துலகூட எல்லாரும் கேட்டாங்க. உள்ள என்னதான் இருக்குதுன்னு ஒருத்தர் கேட்டார். நான்தான், அவங்க நல்ல மனுசங்க, விடுங்கன்னு சொன்னேன்."

"ரொம்ப நன்றிங்க."

"நன்றி எதுக்கு. மாறிடுங்க. சும்மா இருக்கறவங்களையும் யோசிக்க வெக்கறீங்க."

அவர் போன பிறகு சுகன்யா கதவைத் தாழிட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். இத்தனை நாளும் இந்த வீட்டில் யாழிசை யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க வெளிச்சமாக இருக்கும்போது ஒளிந்திருக்கும் இடம்தான் எல்லோர் கண்ணையும் உறுத்தும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சென்னியப்பன் வந்தது ஒரு மத்தியான நேரம். சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை, மணி அடித்தது. கதவின் சின்னத் துவாரம் வழியே சுகன்யா பார்த்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றும் இல்லை. தனியாக நின்றிருந்தார். திறக்காமல் விட்டால் அதுவே பதிலாகிவிடும். யாழிசையை உள்ளே போகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுத் திறந்தாள்.

"வாங்க மாமா."

அவர் தலையாட்டிவிட்டு வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். காது முன்னைவிட மந்தமாகியிருந்தது. எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒடம்பு எப்படிடா இருக்குது லோகு?"

"இருக்குதுண்ணா."

"மெஷினை எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க. போன வாரம் நெஞ்சு வலின்னு அங்க காட்டப் போனேன். உங்க தம்பி மெஷினே வேண்டாம், பழைய லைன்தான் வேணும்னு சொல்லிட்டாருங்களேன்னு அந்த நர்ஸ் பொண்ணு ஆச்சரியமாக் கேட்டுச்சு." சுகன்யாவின் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் தண்ணி குடு அம்மிணி."

அவள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பாப்பா போன அன்னிக்குச் சொந்தக்காரங்க அத்தனை பேரும் போன் பண்ணினாங்க" என்றார். "அழுதாங்க, திட்டினாங்க, சில பேரு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு வார்த்தை கேக்கலை. அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நீ. நீ கேக்கலைன்னா உனக்குத் தெரியும்னு அர்த்தம். உசுரு காக்கற மெஷினையே குடுத்துட்டு இந்தப் பழைய லைனைப் புடிச்சு வெச்சிருக்கேன்னா எதுக்குன்னு யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகலை."

லோகநாதன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினார். "திவாகருக்குத் தெரியுமாண்ணா?"

"என்னது?"

"திவாகருக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது. நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்." அவர் குரல் தணிந்தது. "காலையில எந்திரிச்சதும் அந்தக் குடையைத்தான் பாப்பேன் லோகு. எல்லாரும் எங்கெங்க இருக்காங்கன்னு வரும். பாப்பா பேருக்கு நேரா 'தெரியவில்லை'ன்னு இருக்கும். அப்பாடான்னு மூச்சு வரும். அந்த நேரத்துக்கு அவனும் வந்து என் தோளுக்குப் பின்னால நின்னு பாப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நேத்து நான் அந்தக் கருமத்தை ரத்து பண்ணிட்டேன். என் பேர்லதான இருந்துச்சு? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி அவ எங்க நடந்தாலும் யார் போன்லயும் வராது. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

உள் அறைக் கதவு திறந்தது. யாழிசை வந்து நின்றாள். சென்னியப்பன் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தார்.

"எத்தனாவது மாசம் சாமி?"

"ஆறுங்கப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அம்மா கீழ கார்ல இருக்கா" என்றார். "நீ இங்கதான் இருக்கியான்னு உறுதியாத் தெரியாம அவளை மேல கூட்டிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. இல்லைன்னா தாங்க மாட்டா."

யாழிசை அழத் தொடங்கியிருந்தாள். அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள்.

"அக்காவை மேல வரச் சொல்லலாமே" என்றாள் சுகன்யா.

"நானே போறேன் சித்தி. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். அம்மாவுக்கு முட்டி வலி." மாதக்கணக்கில் அந்த வாசற்படியைத் தாண்டாதவள் சட்டென்று தாண்டினாள். கூடவே சென்னியப்பனும் போனார். லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

சுகன்யா தட்டுகளை எடுத்தாள்.

"சுகன்யா" என்று கூப்பிட்டார் லோகநாதன். "அண்ணன் ரத்து பண்ணிட்டார் சரி. அதுல இருக்கற மத்தவங்க நடையெல்லாம் என்ன ஆகும்? அழிச்சுடுவாங்களா?"

அவள் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு அனிஷாவுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க மேடம், குடைக்கு மாறிடலாங்களா?"

"ஒரு சந்தேகம். குடும்பத் தலைவர் குடை வேண்டாம்னு ரத்து பண்ணினா அந்தக் கணக்கு மூடிடும்ல?"

"இல்லைங்க மேடம். கணக்கு எப்படிங்க மூடும்? தலைவர்தான் விலகறார். குடும்பம் விலகலையே. வீட்டுல அவருக்கு அடுத்த ஆம்பளை யாரோ, அவங்க பேருக்குத் தானா போயிடும். மறுநாளே மாறிடும்."

"நடையெல்லாம்?"

"எல்லாம் அப்படியே இருக்குங்க. ஒரு குடும்பத்தைக் குடை இல்லாம விட்டுடக் கூடாதுல்லைங்க. யாராவது ரொம்ப நாளாத் தெரியாம இருந்திருந்தா, அவங்க தெரிஞ்ச உடனே புதுத் தலைவருக்கு மணியே அடிக்கும். அது எங்க..."

சுகன்யா போனைத் துண்டித்தாள். லோகநாதன் எழுந்திருக்க முயன்று, முடியாமல், "ஓடு" என்றார்.

லிப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படிகளில் இறங்கி ஓடினாள். ஒவ்வொரு தளத்திலும் சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாழிசையின் போனுக்கு அடித்துச் சொல்லலாம் என்றால் அவளிடம் போனே கிடையாது. அவர்கள்தான் வேண்டாம் என்று வாங்கி வைத்திருந்தார்கள்.

கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் அவள் வந்து நின்றபோது இருவரும் பாதி தூரம் நடந்திருந்தார்கள். கடைசித் தூணுக்கு அப்பால் சென்னியப்பனின் கார் நின்றது. அதற்குள்ளிருந்து யாழிசையின் அம்மா ருக்குமணி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சென்னியப்பனின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா" என்றது திவாகரின் குரல். கோபமாக இல்லை. பணிவாக இருந்தது. அந்த மூடிய இடத்தில் அது தெளிவாகக் கேட்டது. "பாப்பா உங்ககூட இருக்காளாங்க?"

சென்னியப்பன் நின்றார். யாழிசை இன்னும் இரண்டு மூன்று அடி நடந்துவிட்டு, அந்தக் குரல் யாருடையது என்று புரிந்ததும் திரும்பினாள். சுகன்யா தூணைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், யாழிசையின் கால்களைக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

யாழிசை அசையாமல் நின்றுவிட்டாள்.

"இல்லையே சாமி" என்றார் சென்னியப்பன். "நான் சித்தப்பனைப் பாக்க வந்தேன். அவனுக்கு ஒடம்பு சரியில்லை."

"தெரியுங்கப்பா. எங்க இருக்கீங்கன்னு தெரியுது. நேத்தைக்கு நீங்க ரத்து பண்ணினதும் இன்னைக்கு என் பேருக்கு வந்துடுச்சு. லிப்டுல இருந்து ரெண்டு பேரா நடந்து வந்தீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இப்பத்தான் அவ நின்னுட்டா."

சென்னியப்பன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். அதற்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். இத்தனை மாதம் கழித்துப் பார்த்தும் அவர் அவளைத் தொடாமலே இருந்தார். இப்போது கிட்டே போய், ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, அவளைத் தூக்கினார். வயதான உடம்பு ஒருமுறை ஆடி நிலைக்கு வந்தது. யாழிசை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அவர் தோளில் புதைத்தாள்.

அவர் காரை நோக்கி நடந்தார். சுகன்யா கூடவே ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். போனிலிருந்து சத்தம் வரவில்லை. லைனில் திவாகர் இருக்கிறானா இல்லையா என்றும் தெரியவில்லை. சென்னியப்பனுக்கு மூச்சு இரைத்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மகளின் தலைமுடியில் விழுந்தது.

"அப்பா" என்றது அந்தக் குரல் திரும்பவும். "இவ்வளவு நேரம் லேசா நடந்தீங்க. இப்ப என்னத்தத் தூக்கிட்டு நடக்கறீங்க?"

சென்னியப்பன் மகளைப் பின் இருக்கையில், அவள் அம்மாவின் மடியில் தலை இருக்கும்படி படுக்க வைத்தார். ருக்குமணி ஒரு சத்தமும் எழுப்பாமல் அவளை இறுக்கிக்கொண்டாள். சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அணைக்காமல், பேச்சைத் துண்டிக்காமல், தூணுக்கு அடியில் தரையில் வைத்தார். வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். மிக மெதுவான குரலில் சுகன்யாவிடம் பேசினார்.

"நீ மேல போ அம்மிணி. கதவைச் சாத்திக்க. லோகுவுக்கு நீ வேணும்."

"எங்க மாமா போறீங்க?" என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

கார் வெளியேறும் மேட்டில் ஏறியது. அந்த மேட்டின் உச்சியில் நின்று பார்த்தால் வண்டி மருதமலைப் பக்கம் திரும்புகிறதா, ஊருக்குள் போகிறதா, இல்லை ஆற்றைத் தாண்டிப் பாலக்காட்டுச் சாலையைப் பிடிக்கப் போகிறதா என்று தெரியும். சுகன்யா அங்கே போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டாள். கேட்பதற்கு ஆட்கள் வருவார்கள். சாயங்காலத்துக்குள் வருவார்கள். அவர்கள் எப்படிக் கேட்டாலும், அவளுக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்க வேண்டும்.